மூன்றாவது வண்டியின் வயிற்றில் இரண்டு வண்டிகள்

பல்செட்டுக்காரரிடம் ஒரு திறமை உண்டு. அடுத்தவர் வாயைத் திறந்தால் எது சொந்தப் பல், எது வாங்கிய பல் என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவர் மெழுகில் பல்லை வரிசையாக நட்டு, ஈறு நிறத்தில் வார்த்து, தேய்த்து மினுக்கி, சின்ன டப்பாவில் போட்டு அனுப்புவார். மாட்டிக்கொண்டவர் ஊரே அதிரத் தும்மினாலும் கழன்று விழாது. அப்படிப்பட்ட கை. ஆனால் தன் வீட்டு வாசலில் நின்ற கார் சொந்தமா, கடனா என்று கேட்டால் மட்டும் அந்த மனுஷர் பச்சையாகப் பொய் சொல்வார். "நம்மளோடதுதான்" என்பார்.

அவருடையது இல்லை. பின்சீட்டில் கிடந்த குடை வேண்டுமானால் அவருடையது. மற்றதெல்லாம் வங்கியுடையது. அதை எடுத்துக்கொண்டு போனாலும் வங்கிக்குப் போதாது என்பதுதான் விஷயமே.

எல்லாம் சகலையால் வந்த வினை. அதாவது மனைவியின் அக்காள் கணவர். லிஃப்ட் விற்கிற கம்பெனியில் வேலை. ஊரில் கட்டடங்கள் உயர உயர சகலையும் உயர்ந்துகொண்டே போனார். மாமனார் வீட்டு வாசலில் சரியாக இரண்டு வண்டி நிற்க இடம் இருந்தது. சகலை சின்னதாக ஒன்று வாங்கி அங்கே நிறுத்தினார். இவரும் சின்னதாக ஒன்று வாங்கிப் பக்கத்தில் நிறுத்தினார். மூன்று வருடம் கழித்து சகலை டிக்கி வைத்த நீள வண்டிக்கு மாறினார். இவரும் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு நீளத்துக்கு மாறினார். அதற்கும் மூன்று வருடம் கழித்து, ஏணி வைத்து ஏற வேண்டியதுபோல் உயரமான ஒன்றில் வந்து இறங்கினார் சகலை. அவ்வளவுதான், நம்மவருக்குத் தூக்கம் போயிற்று.

சகலை கெட்டவர் இல்லை. ஒரு நாளும் இவரைக் குறைத்துப் பேசியதில்லை. சாவி வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே, "வண்டி எப்படி ஓடுது சகலை, இன்னும் அதேதானா?" என்று கேட்பார். அந்த 'இன்னும்'தான் இவரை நேராக ஷோரூமுக்கு ஓட்டிக்கொண்டு போகும்.

ஷோரூமில் டை கட்டிய ஒருவர் இருந்தார். மூன்று முறையும் அதே ஆள், அதே டை.

"பழைய வண்டிக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கே சார்" என்று இவர் இழுப்பார்.

"அத நாங்க பாத்துக்கறோம் சார். நீங்க எதுக்குக் கவலப்படறீங்க? கலர் மட்டும் சொல்லுங்க" என்பார் டைக்காரர்.

இவர் கலர் மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து, "நான் பேசின பேச்சுல ஆடிப்போயிட்டான். பழைய பாக்கியெல்லாம் அவனே கட்டிடறான்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவன் கட்டவில்லை. முதல் வண்டியின் பாக்கியை இரண்டாவது வண்டியின் கடனோடு சேர்த்தான். அந்த இரண்டையும் சேர்த்து மூன்றாவதன் தலையில் கட்டினான். நம்மவர் மாதாமாதம் கட்டிய தவணையில், எங்கோ யாரோ ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு வண்டிகளுக்கும் பங்கு போய்க்கொண்டிருந்தது. தினமும் துடைத்து மினுக்கிய வண்டியின் வயிற்றில் இன்னும் இரண்டு வண்டிகள் கிடப்பது அவருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. அந்த வழி அவர் வீட்டிலேயே, அடுத்த தலையணையில் படுத்திருந்தது. மனைவி ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். மருந்துப் பெட்டிக்குள் எட்டாய் மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், யாரும் பிரிக்காத அந்தத் தாளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துச் சம்பளம் வாங்குகிறவள். ஒவ்வொரு வண்டிக்கும் அவள் கேட்டாள்: "அந்தப் பேப்பரெல்லாம் கொண்டாங்க, ஒரு தடவ பாத்துடறேன்."

"இது மருந்து இல்லம்மா, வண்டி" என்பார் அவர். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். காகிதங்கள் டிக்கியில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தன. அவரும் படித்ததில்லை.

அவள் இன்னொன்றும் கேட்டிருந்தாள், ஓட்டக் கற்றுத்தரச் சொல்லி. எட்டு வருடத்தில் நாலைந்து முறை. "கிளட்ச் போயிடும்" என்று ஒரே பதில். கிளட்சை இந்த மனுஷர் காத்ததுபோல் தன் முழங்காலைக்கூடக் காத்ததில்லை. அவள் இரண்டு பஸ் மாறி அச்சகத்துக்குப் போனாள். அவர், நடந்தால் ஒன்பது நிமிடத்தில் வரும், தான் வேலை செய்கிற பல்செட்டு லேபுக்குக் காரில் போனார். நிறுத்த இடம் தேடி மூன்று தெரு சுற்றுவதையும் சேர்த்தால் இருபது நிமிடம். வழியில் சாலை கடக்கும் வெள்ளைக் கோட்டில் யாராவது கால் வைத்தால் ஹார்னை அழுத்தி அவர்களை ஓட வைப்பார். நிறுத்திக் கிளம்பினாலும் கிளட்ச் தேய்ந்துவிடுமே.

இப்படி ஜோராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லேப் முதலாளி ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கை நடுங்குதுப்பா. நேத்து ஒருத்தருக்கு மேல் பல்லும் கீழ் பல்லும் ஒண்ணோட ஒண்ணு சேரல. போதும்னு தோணுது. நீயே லேப எடுத்துக்கறியா? இந்த மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் தரல. உனக்குச் சரிப்படலன்னா அந்தப் பெரிய லேப்காரங்க கேட்டுட்டிருக்காங்க. அவங்களுக்கு மெஷின் மட்டும் போதுமாம். ஆள் வேணாமாம்."

ஆள் என்றால் இவர்தான். வயது நாற்பத்தொன்பது. மெழுகும் பிளாஸ்டரும் தவிர வேறொன்றும் தெரியாது. வெளியே சிரித்துக்கொண்டு தலையாட்டினாலும் உள்ளே பயம்தான். ஆசையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடம் குனிந்து உட்கார்ந்த அந்த மேஜை, ஜன்னல் வெளிச்சம், அச்சு அலமாரி எல்லாம் தன்னுடையதாகப் போகிறது என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது. பயமும் ஆசையுமாக வங்கிக்குப் போனார்.

வங்கி அதிகாரி ஒரு பெண். கணினியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"உங்க வருமானத்துல பாதி கார் லோனுக்கே போகுது சார். இதுக்கு மேல தர முடியாது. அத முடிச்சுட்டு வாங்க, லேபுக்குத் தாராளமா தரலாம்."

"அவ்வளவுதானா? வண்டிய வித்துட்டா முடிஞ்சுது."

"வித்தா முடியாது சார்" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள். "இன்னும் பதினோரு லட்சம் பாக்கி. இந்த வண்டி நல்லா போனாலே ஏழுதான் போகும்."

"வண்டி வாங்கினதே பத்துக்குத்தானேம்மா! ரெண்டு வருஷமா கட்டிட்டு வேற இருக்கேன்!"

"கடன் வாங்கினது பதினாலு சார். முன்னாடி ரெண்டு வண்டியோட பாக்கி மூணு லட்சம். அப்புறம் இதர சேவைகள்னு ஒரு லட்சம். கையெழுத்து உங்களோடதுதானே?"

கையெழுத்து அவருடையதுதான். அழகாக, அடியில் ஒரு சுழி வைத்து, தெம்பாகப் போட்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தவறு ஏதோ வங்கியின் மேல் இருக்கிறதுபோல் ஒரு முறை முறைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. வண்டியின் விலையை ஏற்றிவிட்டால் போதும் என்று ஒரு கணக்குப் போட்டார். பானட்டில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. அதை எடுத்துவிட்டால் வண்டி புதுசு மாதிரி! அதற்குப் பெயின்ட் கடைக்காரன் எதற்கு? மினுக்குவதில் நம்மை மிஞ்ச ஆளுண்டா? ஞாயிற்றுக்கிழமை மனைவி அக்காள் வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, லேபில் பல்செட்டு தேய்க்கிற சாம்பல் நிறப் பொடியைத் தண்ணீரில் குழைத்தார். துளை போடும் மெஷினில் துணிச் சக்கரத்தை மாட்டினார். இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு கீறலில் வைத்து அழுத்தினார்.

பல்செட்டு கெட்டி. தேய்க்கத் தேய்க்க மின்னும். காரின் மேல்பூச்சு அப்படியில்லை, வெங்காயத்தோல் மாதிரி. ஐந்து நிமிடத்தில் கீறல் போய்விட்டது. கூடவே பளபளப்பும் போய்விட்டது. மங்கல் தெரிகிறதே என்று சுற்றிலும் கொஞ்சம் தேய்த்தார். மங்கல் பெரிதாயிற்று. அதைச் சரிசெய்ய இன்னும் கொஞ்சம். கடைசியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வெளுத்த வட்டம் பானட்டின் நடுவில் பல்லிளித்தது.

வண்டி வாங்கும்போது பெயின்ட் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றை டைக்காரர் சேர்த்து விற்றிருந்தார். தொலைபேசியில் கேட்டார். பறவை எச்சமா, மரப்பாலா, அமில மழையா என்று அந்தப் பக்கம் அடுக்கினார்கள். பல்செட்டுப் பொடி என்று இவர் சொன்னதும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். பிறகு, "உரிமையாளரே செஞ்சுக்கிட்டதுக்குப் பாதுகாப்பு கிடையாது சார்" என்றார்கள்.

மறுநாள் வட்டத்தின் மேல் ஒரு துண்டை விரித்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். டைக்காரர் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "ஆறு சொல்லியிருப்பேன் சார். இத வெச்சுக்கிட்டு அஞ்சரைதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தோளில் கை வைத்து, "எதுக்கு சார் கவல? புது மாடல் வந்திருக்கு. எட்டு வருஷத் தவணை. இந்தப் பாக்கிய நாங்க பாத்துக்கறோம்" என்றார்.

இந்த இடத்தில் நம்மவர் அந்த டையைப் பிடித்து இழுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் என்ன செய்தார் தெரியுமா? "என்னென்ன கலர் இருக்கு?" என்று கேட்டார்.

அன்று இரவு மனைவி அவர் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தபோது பையிலிருந்து புது மாடலின் வழவழப்பான தாள் வந்தது. பின்பக்கம் டைக்காரர் கையால் ஒரு தொகை எழுதி வட்டமிட்டிருந்தார். அவள் கத்தவில்லை. நேராக வாசலுக்குப் போய் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, உறையை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினாள்.

"அங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷமா டயர் மாத்த மட்டும் என்னக் கூப்பிடறீங்களே, அப்பத் தெரியும். நீங்களா குடுப்பீங்கன்னு இருந்தேன். என் புத்தியும் புத்திதான்."

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, பரீட்சைத் தாள் திருத்துவதைப் பார்க்கும் பிள்ளைபோல் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். லேப் விஷயத்தையும் வங்கியில் நடந்ததையும் அப்போதுதான் சொன்னார். பொடி விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வட்டம் வாசலிலேயே நின்றது.

"சாவி தொலஞ்சா சாவி தர்றதுக்கு ஒரு காப்பீடு. அதுக்குப் பன்னெண்டாயிரம். நம்மகிட்ட எத்தன சாவி இருக்கு?"

"ரெண்டு."

"டயருக்கு ஒண்ணு. வாசனைக்கு ஒண்ணு. காருக்கு வாசனைத் திட்டமாமே! எட்டு வருஷத்துல எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கித் தந்திருக்கீங்களா?"

அவர் காலியான பிளாஸ்டிக் உறையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

பதினோராம் பக்கத்தில் பேனா நின்றது. அடிக்குறிப்பில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், இந்தச் சேவைகளை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், மீதிக் காலத்துக்கான பணம் கடனில் கழிக்கப்படும் என்று இருந்தது. அவள் அதன் கீழே கோடு போட்டாள். மறுநாளே கடிதம் போயிற்று. ஷோரூம்காரர்கள் வழவழவென்று இழுத்தார்கள். அவள் பக்க எண்ணையும் வரி எண்ணையும் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பத்து நாளில் எழுபதாயிரம் கடனில் கழிந்தது.

வண்டியை ஷோரூமுக்குக் கொடுப்பதில்லை, நேராக ஓட்டப்போகிறவருக்கே விற்பது என்று முடிவாயிற்று. விளம்பரத்தை அவளே எழுதினாள். 'பானட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு மங்கல். உரிமையாளர் பல்செட்டு மினுக்கும் பொடியால் தேய்த்தது. மற்றபடி கோளாறு இல்லை, உரிமையாளரைத் தவிர.'

"கடைசி வரி எதுக்கு?" என்று பாவமாகக் கேட்டார் அவர்.

"அச்சுல பொய் வரக்கூடாது" என்றாள்.

ஒன்பது பேர் கூப்பிட்டார்கள், எல்லோரும் சிரிப்பதற்காக. பத்தாவதாகக் கூப்பிட்டது டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஓர் அம்மாள். நேரில் வந்து டயரை உதைத்தார். இஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டார். கிளட்சை மிதித்துப் பார்த்து, "இத யாரும் மிதிக்கவே இல்லையா? புதுசாட்டம் இருக்கே!" என்றார். நம்மவருக்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து அந்த அம்மாள் வெளுத்த வட்டத்தைக் கையால் அளந்தார். "எங்க பள்ளிக்கூட ஸ்டிக்கர் சரியா இங்கதான் ஒட்டுவோம். இத நான் பாக்கவே இல்லன்னு வெச்சுக்குங்க."

நெஞ்சு பழையபடி உள்ளே போயிற்று. அவர் கண்போல் காத்த வண்டியின் நெற்றியில் கற்றுக்குட்டி ஸ்டிக்கர்!

விலையை மனைவிதான் பேசினாள். ஏழு என்றாள். அந்த அம்மாள் ஆறரை என்றார். "ஆறு எண்பதுக்கு முடிச்சுக்கலாம்" என்றாள் மனைவி, "ஆனா அந்த இருபதாயிரத்த நான் சும்மா விடல. எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்துடுங்க. இந்த வண்டியிலயே."

நம்மவர் வாயைத் திறந்தார். மனைவி திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டார்.

இன்னும் மூன்றரை லட்சம் துண்டு விழுந்தது. அதை அச்சக ஊழியர் சங்கத்தில் தன் பெயரில் குறைந்த வட்டிக்கு அவள் வாங்கினாள். மாதம் ஒன்றுக்குப் பழைய தவணையில் ஐந்தில் ஒரு பங்குதான். மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது மூன்று பேரும் வங்கியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் அம்மாளின் பணம் நேராகக் கடனுக்குள் போயிற்று, சங்கத்துப் பணம் பின்னால் போயிற்று, அதிகாரிப் பெண் விசைப்பலகையைத் தட்டிவிட்டு, "முடிஞ்சுது சார்" என்றாள். அதே மேஜையில் லேபுக்கான விண்ணப்பத்தையும் நீட்டினாள். அவர் பேனாவை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தாளை மனைவியிடம் நகர்த்தி, "நீ முதல்ல பாத்துடு" என்றார். அவள் முழுவதும் படித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. வங்கியைச் சாத்தும் நேரமாகிவிட்டது. அதன் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

லேப் அவருடையதாயிற்று. மேஜையும் ஜன்னலும் அச்சு அலமாரியும் அதே இடத்தில்தான் இருந்தன. காலையில் நடந்து போனார், ஒன்பதே நிமிடத்தில். முதல் வாரம் தெருவில் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று கூனிக் குறுகி நடந்தார். இரண்டாவது வாரம், யாரும் பார்க்கவில்லை, காரில் போனபோதும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று புரிந்தது. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. வெள்ளைக் கோட்டில் இவர் கால் வைத்தால் யார் யாரோ ஹார்ன் அடித்தார்கள். இவரும் குதித்து ஓடினார்.

ஒரு மத்தியானம் சகலை லேபுக்கு வந்தார். பல் கூசுகிறதாம். வாயைத் திறந்து பார்த்தால் பல் ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. கக்கத்தில் ஒரு ஃபைல் இருந்தது, இவருடையதைவிட இரண்டு மடங்கு தடிமனாக.

"சகலை, வெளிய சொல்லிடாதீங்க. இந்தப் பேப்பரயெல்லாம் உங்க வீட்டுல பாத்துச் சொல்வாங்களா? என் வண்டிக்குள்ளயும் ரெண்டு வண்டி இருக்கும்போல."

நம்மவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல மனுஷர்தான், ஆனால் அந்த அளவுக்கு நல்லவர் இல்லை. பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்ப வண்டி இன்னும் அதேதானா சகலை?" என்று கேட்டார். எட்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த 'இன்னும்'. ஃபைலை மட்டும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஒரு மருத்துவருக்குக் கொடுக்க வேண்டிய பல்செட்டு டப்பாவையும் சகலையின் ஃபைலையும் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைக் கோட்டின் ஓரம் நின்றார். வண்டிகள் ஹார்ன் அடித்தபடி போய்க்கொண்டிருந்தன. அந்த வரிசையில் ஒன்று விக்கி விக்கி வந்தது. பானட்டில் பெரிய ஸ்டிக்கர். அதன் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளுப்பு எட்டிப் பார்த்தது. அதை அவர் எந்த ஊரில் பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார். உள்ளே, மூக்கு ஸ்டீயரிங்கில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, அவர் மனைவி. பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் அம்மாள்.

வண்டி கோட்டுக்கு முன்னால் ஒரு உதறு உதறி நின்றது. பின்னால் நாலைந்து ஹார்ன்கள் கத்தின.

பழக்கதோஷம். "கிளட்ச்! கிளட்ச்!" என்று டப்பாவைத் தூக்கி ஆட்டினார் அவர்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"கிளட்ச் அவங்களோடது, அவங்க பாத்துப்பாங்க. நீங்க தாண்டுங்க."

அவர் தாண்டினார். பாதி வழியில் கால் தானாக ஓடப் பார்த்தது. இவள் ஹார்ன் அடிக்கவில்லையே என்று நினைவு வந்து நிதானமாக நடந்தார். எட்டு வருடம், மூன்று வண்டி, தினமும் இதே தெரு. ஒரு நாளும், ஒருத்தருக்காகவும், அவர் இந்தக் கோட்டில் நிறுத்தியதில்லை. அவள் ஓட்டப் பழகும் நான்காவது நாளிலேயே நிறுத்திவிட்டாள்.